கிளாரிஸுக்காகக் காத்திருந்தேன், லெக்டர் வந்தான்

தாமஸ் ஹாரிஸ் எழுதிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' 1988-இல் வெளியானது. அதன் தொடர்ச்சியான 'ஹானிபல்' 1999-இல் வந்தது. நடுவே 11 வருடங்கள். முதல் நாவலைக் கல்லூரி நாட்களில் படித்துவிட்டு, கிளாரிஸ் ஸ்டார்லிங்குக்கு அடுத்து என்ன ஆகும் என்று வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்த வாசகர்களில் நானும் ஒருவன். 'ஹானிபல்' படித்து முடித்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. நன்றாகப் பழகிய ஒருவரைப் பற்றி மூன்றாம் மனிதர் ஏதோ பொய் சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது.

பிடித்த திரில்லருக்குத் தொடர்ச்சி வந்து, அது மனதை உடைக்கும் அனுபவம் பலருக்கும் இருக்கும். எனக்கு அது இந்த இரண்டு நாவல்களால்தான் முழுமையாக நேர்ந்தது. அந்த ஏமாற்றத்தை அப்படியே விட்டுவிட மனமில்லாமல் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இன்று எந்தத் தொடர்ச்சியைக் கையில் எடுத்தாலும் அந்தப் படிப்பு உதவுகிறது. இரண்டு நாவல்களின் முடிவையும் இங்கே சொல்லப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் முதல் நாவலையாவது முடித்துவிட்டு வருவது நல்லது.

முதலில், கிளாரிஸை ஏன் அவ்வளவு பிடித்தது என்று சொல்ல வேண்டும். அவள் எஃப்.பி.ஐ.யின் குவான்டிகோ பயிற்சிக் கழகத்தில் படிக்கும் மாணவி. அப்பா ஒரு சின்ன ஊரின் இரவுக் காவலர். திருடர்களிடம் சுடப்பட்டு இறந்தவர். அம்மா மோட்டலில் அறை சுத்தம் செய்து குடும்பத்தை ஓட்டியவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளை ஜாக் கிராஃபோர்ட் என்ற மேலதிகாரி, பால்டிமோரில் ஒரு மனநல மருத்துவமனையில் சிறைவைக்கப்பட்டிருக்கும், மனிதர்களைக் கொன்று தின்ற மனநல மருத்துவன் ஹானிபல் லெக்டரிடம் ஒரு கேள்வித்தாளோடு அனுப்புகிறார். லெக்டர் முதல் பார்வையிலேயே அவளுடைய நல்ல கைப்பையையும் மலிவான காலணியையும் வைத்து அவள் எங்கிருந்து வந்தவள் என்று சொல்லிவிடுகிறான். அவமானப்படுத்தத்தான் சொல்கிறான். அவள் கூசிப்போகிறாள், ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. அந்த இடத்திலேயே நான் அவள் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

பெண்களைக் கடத்திக் கொன்று தோலை உரித்தெடுக்கும் ஒருவனைத் தேடும் வழக்கு அது. அவள் அதை அவிழ்க்கும் விதம் இன்னும் அருமை. மேற்கு வர்ஜீனியாவில் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதிக்கப் போகிறார்கள். அறை முழுக்க உள்ளூர்க் காவலர்கள். அவர்களை வெளியே அனுப்ப வேண்டும். கிளாரிஸ் அதிகாரம் காட்டவில்லை. தன் ஊர்ப் பேச்சிலேயே, இறந்தவர்களைக் குளிப்பாட்டி அனுப்பும் பெண்களின் தோரணையில், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி சொல்கிறாள். அவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். வழக்கின் முடிச்சும் அப்படித்தான் அவிழ்கிறது. கொல்லப்பட்ட ஃபிரெட்ரிகா பிம்மல் என்ற பெண்ணின் அறையில் தையல் சாமான்களையும் பாதியில் நிற்கும் துணிகளையும் பார்க்கிறாள். இன்னொரு சடலத்தின் முதுகில் தோல் வெட்டி எடுக்கப்பட்டிருந்த வடிவம் தையல் வேலையில் பிடிக்கும் மடிப்பின் வடிவம் என்று அவளுக்குப் பொறி தட்டுகிறது. கொலைகாரனுக்குத் தைக்கத் தெரியும்! எளிய வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரிந்த விஷயம், அத்தனை நிபுணர்கள் கண்ணிலும் படாத விஷயம். லெக்டர் சாடையாகத்தான் ஏதோ சொல்கிறான். கண்டுபிடிப்பது அவள்.

இந்த நாவலில் லெக்டர் வரும் பக்கங்கள் குறைவு. அவனும் கிளாரிஸும் நேருக்கு நேர் பேசுவது நான்கைந்து சந்திப்புகள்தான். அவன் ஒரு துப்பு தர வேண்டுமென்றால் அவள் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவைத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எடை இருக்கிறது. அவன் கூண்டுக்குள் இருப்பதால், அவன் என்ன செய்யக்கூடும் என்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு முன் 1981-இல் வந்த 'ரெட் டிராகன்' நாவலிலும் அவனுக்குச் சின்ன இடம்தான். ஹாரிஸ் அவனை அளந்து பயன்படுத்தினார்.

அப்புறம் படம் வந்தது. ஜொனாதன் டெம்மி இயக்கி 1991-இல் வெளியான அந்தப் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் வாங்கியது. ஆன்டனி ஹாப்கின்ஸ் திரையில் வருவது படத்தின் சிறு பகுதியில்தான், ஆனாலும் உலகம் முழுக்க எல்லோருக்கும் நினைவில் நின்றது அவர் முகம்தான். படத்துக்குப் பிறகு இது கிளாரிஸின் கதை என்று யாரும் சொல்லவில்லை. லெக்டர் படம் என்றே சொன்னார்கள்.

தொடர்ச்சியின் பெயரே 'ஹானிபல்' என்று கேள்விப்பட்டபோது எனக்கு லேசாக நெருடியது. ஆனாலும் ஆசை விடவில்லை. எங்கள் பகுதியில் இருந்த லெண்டிங் லைப்ரரியில் சொல்லிவைத்து, முதல் ஆளாக வாங்கி வந்தேன்.

இப்போது ஒரு தொடர்ச்சியை எடுக்கும் முன் நான் பார்க்கும் முதல் விஷயம் அந்த இடைவெளிதான். வருடங்களின் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பது முக்கியம். முதல் புத்தகம் பெரிய படமாகவோ தொடராகவோ ஆகியிருந்தால், எழுத்தாளர் அடுத்ததை எழுத உட்காரும்போது அவர் முன்னால் இருப்பது பழைய வாசகன் மட்டும் இல்லை. படம் பார்த்தவர்களின் ஒரு பெருங்கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பிடித்த பாத்திரம் வேறு. ஆக வரப்போகும் புத்தகம் நாம் படித்த புத்தகத்துக்குத் தொடர்ச்சியா, நாடு முழுக்கப் பேசிய படத்துக்குத் தொடர்ச்சியா என்று முதல் சில அத்தியாயங்களிலேயே கவனித்துவிடலாம். யாருடைய பெயர் அட்டையில் இருக்கிறது, யாருடைய பார்வையில் கதை அதிக நேரம் நகர்கிறது என்பதே போதும்.

'ஹானிபல்' ஏழு வருடங்கள் கழித்துத் தொடங்குகிறது. தொடக்கம் அபாரம். ஒரு மீன் சந்தையில் போதைக் கும்பலைப் பிடிக்கப் போன இடத்தில் துப்பாக்கிச் சண்டை. கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் கிளாரிஸ் சுட வேண்டி வருகிறது. குழந்தையைக் காப்பாற்றுகிறாள். அந்தக் காட்சியைப் படம் எடுத்த பத்திரிகைகள் அவளைக் கொலைகாரியாகக் காட்டுகின்றன, அலுவலகம் அவளைக் கைகழுவத் தயாராகிறது. ஏழு வருட உழைப்புக்கு அவளுக்குப் பதவி உயர்வு இல்லை, மரியாதையும் இல்லை. நீதித்துறையில் இருக்கும் பால் கிரெண்ட்லர் என்பவன் பழைய காழ்ப்பில் அவளைத் தடுத்துக்கொண்டே இருக்கிறான். இதெல்லாம் நான் எதிர்பார்த்த கதைதான். திறமையான ஒரு பெண்ணை ஒரு நிறுவனம் எப்படி மெல்ல மெல்லத் தேய்க்கும் என்பதை ஹாரிஸ் அழுத்தமாக எழுதியிருக்கிறார்.

இத்தாலிய நகரமான ஃப்ளோரன்ஸில் நடக்கும் பகுதி வந்தபோது நான் உற்சாகத்தின் உச்சியில் இருந்தேன். லெக்டர் அங்கே டாக்டர் ஃபெல் என்ற பெயரில், கப்போனி மாளிகையின் பழம் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அறிஞனாக வாழ்கிறான். ரினால்டோ பாட்ஸி என்ற காவல் அதிகாரி அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். முறைப்படி கைது செய்தால் புகழ் கிடைக்கும், ஒரு பணக்காரனுக்கு ரகசியமாக விற்றால் பெரும் பணம் கிடைக்கும். பாட்ஸி பணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். 1478-இல் ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்த பாட்ஸிகளில் ஒருவரான பிரான்செஸ்கோ பாட்ஸி, ஃப்ளோரன்ஸின் அரசு மாளிகையான பலாட்ஸோ வெக்கியோவின் ஜன்னலிலிருந்து தூக்கில் தொங்கவிடப்பட்டார். இது வரலாறு. நாவலில் அதே குடும்பத்தில் வந்த இந்த அதிகாரிக்கும் அதே கட்டடத்தில் அதே முடிவு. இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தில் பேராசையும் தூக்கும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று லெக்டர் அறிஞர்கள் முன் உரையாற்றி முடித்த கையோடு அது நடக்கிறது. ஃப்ளோரன்ஸை உலுக்கிய உண்மையான தொடர்கொலை வழக்கின் விசாரணையை ஹாரிஸ் 1994-இல் நேரில் போய்ப் பார்த்தவர். அந்த நகரத்தின் மணமும் அழுக்கும் பக்கங்களில் இருக்கின்றன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏமாற்றம் தந்த புத்தகத்தை மொத்தமாகக் குப்பை என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் நமக்கு ஒன்றும் புரியாமலே போய்விடும். எந்தப் பக்கத்தில் மனம் விலகத் தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் சொந்தமாக ஒரு பிரதி வாங்கிய பிறகு, பென்சிலை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். நம்ப முடியாத இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு. ஃப்ளோரன்ஸ் முடியும்வரை கோடுகள் ஏறக்குறைய இல்லை. கதை அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு பக்கத்துக்குப் பக்கம் கோடு.

கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெளிவாயின.

முதலாவது மேசன் வெர்ஜர். லெக்டருக்கு இரையானவன், முகம் சிதைந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவன், பாட்ஸி பேரம் பேசிய அந்தப் பெரும் பணக்காரன், குழந்தைகளைச் சீரழித்தவன். லெக்டரைப் பழிவாங்கப் பன்றிகளைப் பழக்கி வைத்திருக்கிறான். அவனுடைய தீமையை ஹாரிஸ் ஏற்றிக்கொண்டே போகிறார். அழும் குழந்தைகளின் கண்ணீரை மதுவில் கலந்து குடிக்கிறான் என்றெல்லாம் வருகிறது. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்தது. இவன் இவ்வளவு கேவலமாக இருந்தால்தான் இவன் பக்கத்தில் லெக்டர் நல்லவனாகத் தெரிவான். முதல் நாவலில் மெம்ஃபிஸிலிருந்து தப்பும்போது லெக்டர் கொல்வது தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்த காவலர்களை. அவர்கள் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் அவனைப் பற்றிய பயம். 'ஹானிபலில்' அவன் கையில் சாகிற முக்கியமானவர்கள் பேராசைக்காரர்கள் அல்லது முரடர்கள். மரியாதை தெரியாதவர்களைத்தான் அவன் சாப்பிட விரும்புவான் என்று லெக்டர் அடைபட்டிருந்த மருத்துவமனையின் பழைய காவலாளி பார்னி கிளாரிஸிடம் சொல்வதாகவும் வருகிறது. கொலைகாரனுக்கு நியாயம் கற்பித்துவிட்டால் அவன் கதாநாயகன் ஆகிவிடுகிறான். அப்புறம் அந்தக் கதையில் எங்கிருந்து பயம் வரும்?

இரண்டாவது மிஷா. லெக்டருக்கு லிதுவேனியாவில் ஒரு சின்னத் தங்கை இருந்தாள், 1944-இல் பசியோடு வந்த ராணுவ ஓடுகாலிகள் அவளைக் கொன்று தின்றார்கள், அதன் வடுதான் இவன் என்று 'ஹானிபல்' சொல்கிறது. இதைப் படித்தபோது ஏதோ முரணாக இருக்கிறதே என்று தோன்றியது, எது என்று பிடிபடவில்லை. முதல் நாவலைத் திரும்பப் படித்தபோது பிடிபட்டது. முதல் சந்திப்பிலேயே லெக்டர் கிளாரிஸிடம் ஏறக்குறைய இப்படிச் சொல்கிறான்: எனக்கு எதுவும் நேரவில்லை, நேர்ந்தது நான்தான், என்னைச் சில காரணங்களின் கூட்டுத்தொகையாகச் சுருக்க முடியாது. தீமைக்குக் காரணம் தேடும் எல்லா மனநல விளக்கங்களையும் அவன் அங்கே கேலி செய்கிறான். அந்தப் பாத்திரத்தின் முதுகெலும்பே அந்தப் பேச்சு. 11 வருடம் கழித்து அதே எழுத்தாளர், இதோ காரணம் என்று எடுத்து நீட்டுகிறார்.

இதிலிருந்துதான் என் வாசிப்புப் பழக்கம் ஒன்று மாறியது. தொடர்ச்சி வருகிறது என்றால் முந்தைய பாகத்தை உடனே திரும்பப் படித்துத் தயாராவது பலருடைய வழக்கம். நான் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். தொடர்ச்சியை முதலில் படிப்பேன், நினைவில் நிற்கும் முந்தைய பாகத்தை வைத்துக்கொண்டே. முடித்த பிறகு முதல் பாகத்துக்குத் திரும்புவேன். முன்கூட்டியே படித்தால் வரிக்கு வரி ஒப்பிட்டு, புதியது மூச்சு விடுவதற்குள் அதை மறுத்துவிடுவோம். பிறகு படித்தால், தொடர்ச்சி எதை மாற்றியது, எதை மறந்தது என்பது முதல் நாவலின் பக்கங்களில் தானாகவே எழுந்து நிற்கும். கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. ஏமாற்றத்தோடு திரும்பும்போது அந்த முதல் புத்தகம் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. தையல் துப்பு எவ்வளவு கவனமாக விதைக்கப்பட்டிருக்கிறது என்று நான் முழுமையாக உணர்ந்தது அந்தத் திரும்பப் படித்தலில்தான்.

மூன்றாவது கிளாரிஸ். இது எனக்கு இன்றும் ஆறாதது. நாவலின் நடுவே அவளுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கிறது. லெக்டரின் ருசிகளைப் பின்தொடர்வது. விலை உயர்ந்த மது, அரிய உணவுப் பொருட்கள், கார் என்று அவன் வாங்கக்கூடியவற்றின் விற்பனைப் பதிவுகளைத் தேடி அவனை நெருங்குகிறாள். பழைய கிளாரிஸ் தெரிகிறாள். ஆனால் அந்தத் தேடல் பலன் தருமுன் கிரெண்ட்லர் அவளை வேலையிலிருந்து விலக்கிவைக்கிறான். அவள் தனியாக மேசனின் பண்ணைக்குப் போய் லெக்டரின் கட்டுகளை அறுத்துவிடுகிறாள், மயக்க ஊசி பட்டு விழுகிறாள், லெக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அதன் பிறகு அவள் எதையும் செய்வதில்லை. அவளுக்குச் செய்யப்படுகிறது. மருந்து, மனவசியம், தோண்டி எடுக்கப்பட்ட அப்பாவின் எலும்புகள், கிரெண்ட்லரின் மூளையைச் சமைத்துப் பரிமாறும் இரவு விருந்து. அதை அவளும் சாப்பிடுகிறாள். கடைசியில் புயனஸ் அயர்ஸில் லெக்டரின் துணைவியாக ஆப்பெரா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஊர்ப் பேச்சில் காவலர்களை வெளியே அனுப்பிய அந்தப் பெண், முதல் நாவலின் கடைசியில் இருட்டு நிலவறையில் தன்னந்தனியாக நின்று கொலைகாரனைச் சுட்ட அந்தப் பெண் இவள்தானா என்று நான் கேட்டுக்கொண்டேன். பாத்திரங்கள் மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏழு வருட அவமானம் யாரையும் மாற்றும். கசந்துபோய் வேலையை விடலாம், சட்டத்தை மீறலாம், லெக்டரைச் சுட்டுக் கொல்லலாம், தப்பிக்க விடவும் செய்யலாம். அவளாக முடிவெடுத்துச் செய்திருந்தால் எதையும் ஏற்றிருப்பேன். மருந்தூட்டி மாற்றியதைத்தான் ஏற்க முடியவில்லை. மருந்துகளுக்கு இப்போது அவர்கள் வாழ்வில் இடமில்லை என்று ஹாரிஸ் கடைசிப் பக்கங்களில் சொல்கிறார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். எனக்கு அந்த ஒற்றை வரி போதவில்லை. மருந்து போன இடத்தில் அவள் எப்படி யோசித்தாள், எந்த நாளில் முடிவெடுத்தாள் என்பதல்லவா எழுதப்பட வேண்டிய நாவல்?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு 'ஹானிபல்' மிகவும் பிடிக்கும். அவரோடு இதைப் பல மாலைகள் பேசியிருக்கிறேன். அவர் வாதம் வலுவானது. "அவ அந்த ஆபீஸுக்கு உண்மையா இருந்தா, அவங்க அவளைத் தூக்கி எறிஞ்சாங்க. உண்மையா இருந்து என்ன கிடைச்சுது? கடைசியில அவ ஜெயிச்சுட்டான்னுதான் நான் நினைக்கிறேன். லெக்டரையே அடக்கி வச்சிருக்காளே" என்பார். லெக்டரின் திட்டம் கிளாரிஸை அழித்து அந்த இடத்தில் தங்கை மிஷாவைக் கொண்டுவருவது. அதை அவள் தன் கேள்வியாலேயே முறியடிக்கிறாள் என்று அவர் சுட்டிக்காட்டினார். போய்ப் பார்த்தேன், இருக்கிறது. முதல் வாசிப்பின் வேகத்தில் அதன் கனம் எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு அந்த அத்தியாயத்தை மரியாதையோடு படிக்க முடிந்தது. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்பது மாறவில்லை.

ஒரு தொடர்ச்சி ஏமாற்றினால், அதை ரசித்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுவது நல்லது. நம்மைப்போலவே ஏமாந்தவர்களோடு பேசினால் ஆறுதல் கிடைக்கும், புதிதாக ஒன்றும் தெரியாது. 'ஹானிபல்' வந்த காலத்திலேயே பெரிய எழுத்தாளர்கள் இரண்டு பக்கமாக நின்றார்கள். ஸ்டீபன் கிங் அதை மனமாரப் பாராட்டினார், மார்ட்டின் ஏமிஸ் கடுமையாகத் தாக்கி எழுதினார். இருவருமே கவனமாகப் படித்தவர்கள்.

திரைப்படக்காரர்களுக்கும் இதே சங்கடம் வந்தது. 2001-இல் ரிட்லி ஸ்காட் 'ஹானிபலை'ப் படமாக்கினார். முதல் படத்தில் கிளாரிஸாக நடித்து ஆஸ்கர் வாங்கிய ஜோடி ஃபாஸ்டர் நடிக்க மறுத்தார், டெம்மியும் இயக்க வரவில்லை. ஜூலியன் மூர் கிளாரிஸ் ஆனார். படத்தின் முடிவை மாற்றினார்கள். கிளாரிஸ் லெக்டரின் கையோடு தன் கையைச் சேர்த்து விலங்கிடுகிறாள், அவன் தப்பிக்கத் தன் கையையே வெட்டிக்கொள்கிறான். அவள் கடைசிவரை காவலதிகாரியாகவே இருக்கிறாள். அந்தப் படம் மொத்தத்தில் எனக்குச் சுமார்தான், ஆனால் முடிவைப் பார்த்தபோது மனம் கொஞ்சம் சமாதானமானது. நாவலைப் படிக்கும் முன் படத்தைப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. நாவலின் முடிவோடு மல்லுக்கட்டி முடித்த பிறகு பார்த்தால், வேறு எப்படி முடித்திருக்கலாம் என்பதற்கு ஒரு விடையாக அது நிற்கும்.

நம் வாசகர்களுக்கு இந்த வகை ஏமாற்றம் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும் என்று நினைக்கிறேன். சுஜாதாவின் கணேஷ், வசந்த் போன்றவர்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். வழக்கு மாறும், ஆட்கள் மாற மாட்டார்கள். வசந்த் எத்தனை கதை வந்தாலும் அதே வசந்த். அது வரிசை. அதில் எந்தக் கதையையும் முதலில் எடுக்கலாம், ஒரு கதை சரியில்லை என்றாலும் மற்றதற்கு ஒரு குறையும் வராது. 'ஹானிபல்' மாதிரியான தொடர்ச்சி வேறு. அது பழைய கதை முடிந்த இடத்தைத் திறந்து, அந்த ஆட்களின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. வரிசையைத் திறக்கும் மனநிலையில் தொடர்ச்சியைத் திறந்தால் அடி பலமாக விழும். அதனால் புதிதாக ஒன்றை எடுக்கும்போது, முதல் புத்தகம் கேள்வி எதையாவது திறந்து வைத்துவிட்டுப் போனதா என்று பார்த்துக்கொள்கிறேன். 'சைலன்ஸ்' திறந்து வைத்தது லெக்டர் எங்கே என்ற கேள்வியை மட்டும். கிளாரிஸின் கதை அங்கே முழுமையாக முடிந்திருந்தது. சிறு வயதிலிருந்து அவளைத் தூங்கவிடாத ஆட்டுக்குட்டிகளின் அலறல் அடங்கி, அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அவளைத் தொடாமல் விடப்போவதாக லெக்டரே கடிதம் எழுதிவிட்டான். மூடிய கதையைத் திறக்க வேண்டுமானால் அதற்குப் பெரிய காரணம் வேண்டும்.

2006-இல் 'ஹானிபல் ரைசிங்' வந்தது. லெக்டரின் இளமைக் கதை. நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்வேன் என்று தயாரிப்பாளர் டீனோ டி லாரென்டிஸ் ஹாரிஸிடம் சொன்னதாக லாரென்டிஸே பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடமே படமும் வந்தது. திரைக்கதையும் ஹாரிஸ்தான். அந்த நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மிஷாவைப் பற்றி 'ஹானிபலில்' சில பக்கங்களில் வந்ததே எனக்கு அதிகம். அதையே ஒரு முழு நாவலாக விரித்திருந்தார். ஒரு தொடர்ச்சி எந்த இடத்தில் நம்மைக் காயப்படுத்தியதோ அதே இடத்தை அடுத்த புத்தகம் விரிவாக்குகிறது என்றால், அதை முடித்தாக வேண்டும் என்ற கடமை வாசகனுக்கு இல்லை. எழுத்தாளர்மேல் இருக்கும் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளவும் அப்படி நிறுத்துவது உதவுகிறது. ஹாரிஸ் 2019-இல் லெக்டர் இல்லாத 'காரி மோரா'வை எழுதியபோது மனத்தடை இல்லாமல் வாங்கிப் படித்தேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடர்ச்சி வெளியாகும் வாரத்தில் கெட்டி அட்டைப் பிரதியை முழு விலைக்கு வாங்கினால், கொடுத்த பணமும் சேர்ந்துகொண்டு ஏமாற்றத்தைப் பெரிதாக்கும். நூலகத்திலோ நண்பரிடமோ எடுத்துப் படித்துவிட்டு, திரும்பப் படிக்கத் தோன்றினால் வாங்கலாம். 'ஹானிபலை' நான் அப்படித்தான் வாங்கினேன், ஃப்ளோரன்ஸுக்காகவும் பார்னிக்காகவும். உலகத்தில் இருக்கும் வெர்மீர் ஓவியங்கள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகப் போகும் அந்த முன்னாள் மருத்துவமனை ஊழியன், எனக்கு இந்த நாவல் தந்த நல்ல மனிதன். லெக்டரோடு வருடக்கணக்கில் பழகியும் அவனிடம் மயங்காதவன். புயனஸ் அயர்ஸ் ஆப்பெராவில் அவர்கள் இருவரையும் பார்த்ததும், வெர்மீரைக்கூடப் பார்க்காமல் ஊரை விட்டே ஓடுகிறான். அந்த ஓட்டத்தில் இருக்கும் பயம் உண்மையானது. நாவலின் பின்பாதியில் நான் நம்பிய சில பக்கங்களில் அதுவும் ஒன்று.

இந்த நாவல்களை எந்த வரிசையில் படிக்கலாம் என்று இளையவர்கள் கேட்பதுண்டு. முதலில் 'ரெட் டிராகன்', லெக்டர் எவ்வளவு குறைவாக வந்து எவ்வளவு பயமுறுத்துகிறான் என்பதற்காக. அடுத்து 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்', அவசரமில்லாமல். அதோடு சில மாதம் நிறுத்திவிட்டு வேறு ஏதாவது படியுங்கள். கிளாரிஸுக்கு அப்புறம் என்ன ஆனது என்ற கேள்வி தானாக உறுத்தத் தொடங்கினால் மட்டும் 'ஹானிபலை' நூலகத்தில் எடுங்கள், பாட்ஸி ஜன்னலிலிருந்து விழும் அத்தியாயம்வரை போங்கள். அங்கே புத்தகத்தை மூடினாலும் ஒரு நல்ல குறுநாவல் படித்த நிறைவு கிடைக்கும். மேலே போகிறவர்கள் கையில் பென்சிலோடு போகட்டும். முடித்ததும் என்னிடம் வாருங்கள், அந்த நண்பரையும் கூட்டிவைத்துக்கொண்டு பேசுவோம்.